சூரியத் தரவும் விண்வெளி வானிலையும் இணையத்தில் எங்கே கிடைக்கும்? டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், மன்னார்குடி, நாகை வட்டாரத்தில் ஹாம் ரேடியோ தேர்வுக்குப் படிப்பவர்கள், அறிவியல் மன்றம் நடத்தும் ஆசிரியர்கள், டிரோன் ஓட்டும் இளைஞர்கள், நில அளவை செய்பவர்கள் என்று பலரும் சூரியத் தரவு பற்றி என்னிடம் கேட்கிறார்கள். ஆள் மாறினாலும் சந்தேகம் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். தளங்களின் பெயர்களைத் தமிழில் தருகிறேன். அதையே ஆங்கிலத்தில் தட்டித் தேடினால் கிடைத்துவிடும்.

விண்வெளி வானிலைன்னா என்ன சார்? மழை, புயல் சொல்றாங்களே, அதுவா?

இல்லை. மழையும் புயலும் நம் தலைக்கு மேலே பதினைந்து, இருபது கிலோமீட்டருக்குள் நடப்பவை. அதற்கு இந்திய வானிலை ஆய்வு மையத்தைத்தான் பார்க்க வேண்டும். விண்வெளி வானிலை என்பது சூரியனிலிருந்து வரும் எக்ஸ் கதிர், துகள்கள், காந்தப்புலத்தோடு வீசும் சூரியக் காற்று ஆகியவை பூமியின் காந்தப்புலத்தையும், சுமார் 80 கிலோமீட்டருக்கு மேலே, சூரியக் கதிரால் காற்று மின்னேற்றம் அடைந்த அடுக்கான அயனி மண்டலத்தையும் என்ன செய்கின்றன என்பது.

சூரியப் புயல் வந்தால் மேட்டூரில் தண்ணீர் கூடாது, சம்பாப் பயிரும் சாயாது. பாதிப்பு வருவது சிற்றலை ரேடியோ, ஜிபிஎஸ், செயற்கைக்கோள், வட நாடுகளின் நீண்ட மின்தடங்கள் ஆகியவற்றுக்கு. 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணமே மணிக்கணக்கில் இருட்டில் கிடந்தது இப்படி ஒரு காந்தப் புயலால்தான்.

நிறைய தளம் சொல்றீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, அதை மட்டும் பார்க்கிறேன்.

சரி. அமெரிக்காவின் நோவா அமைப்பு கொலராடோவின் போல்டர் நகரில் நடத்தும் விண்வெளி வானிலை முன்னறிவிப்பு மையம். இலவசம், பதிவு செய்ய வேண்டாம். முகப்பிலேயே ஆர், எஸ், ஜி என்று மூன்று எழுத்துகள் இருக்கும். ஆர் என்றால் ரேடியோத் தடை, எஸ் என்றால் கதிர்வீச்சுப் புயல், ஜி என்றால் காந்தப் புயல். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை அளவு. 2024 மே 10, 11 தேதிகளில் ஜி 5 வந்தது. 2003 அக்டோபருக்குப் பிறகு அதுதான் முதல் முறை. அன்றிரவு லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்ததைப் படம் பிடித்தார்கள்.

எல்லாத்துலயும் யுடிசி-னு போட்டிருக்கு. நம்ம நேரத்துக்கு எப்படி மாத்துறது?

யுடிசி என்பது உலகப் பொது நேரம். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள். அவர்களின் ஒரு நாள் நமக்குக் காலை 5.30-க்குப் பிறக்கிறது. காந்தப் புயலைக் காட்டும் கேபி குறியீடு மூன்று மணி நேரத்துக்கு ஒன்று வரும்; ஆக, முதல் கட்டம் நமக்குக் காலை 5.30 முதல் 8.30 வரை. நம் மாலை 7 மணி அங்கே 13.30. ராத்திரி இரண்டு மணிக்கு நடந்ததை அவர்கள் முந்தைய தேதியில் போட்டிருப்பார்கள். மாணவர்கள் வரைபடம் போடும்போது தேதி ஒரு நாள் தள்ளிப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

பசங்களுக்குத் தினமும் சூரியனோட படம் காட்டணும். எங்க கிடைக்கும்?

நாசாவின் எஸ்டிஓ விண்கலம் 2010 பிப்ரவரியில் ஏவப்பட்டது. அதன் தளத்தில் சில நிமிடங்களுக்கு முன் எடுத்த படங்கள் பல அலைநீளங்களில் கிடைக்கும். சூரியன் மேல் கருப்பாகத் தெரியும் சூரியப் புள்ளியைப் பார்க்க ஹெச்எம்ஐ என்ற கருவியின் சாதாரண ஒளிப் படமே போதும். பச்சை, பொன்நிறப் படங்கள் ஏஐஏ கருவியின் புற ஊதாப் படங்கள். நிறம் நாம் பார்ப்பதற்காகப் பூசியது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். சூரியனை வட்டால் மறைத்து, வெளியே பாயும் பொருளைக் காட்டுவது 1995-ல் போன சோஹோவின் லாஸ்கோ கருவி. பழைய தேதிப் படங்களை வீடியோவாகப் பார்க்க ஹீலியோவியூவர் தளம் நல்லது.

இந்தியாவில் பகல் நடக்கும்போது தரையிலிருந்து எடுத்த படம் வேண்டுமென்றால் காங் வலையமைப்பைப் பாருங்கள். உலகைச் சுற்றி ஆறு இடங்களில் ஒரே மாதிரித் தொலைநோக்கிகள். அதில் ஒன்று ராஜஸ்தானின் உதய்ப்பூரில் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டையும் பார்த்துவிட்டு வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்கக் கிளம்பக் கூடாது. எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ் எதுவும் பாதுகாப்பு இல்லை. ஊசித்துளை வழியாக வெள்ளைத் தாளில் விழும் பிம்பத்தைக் காட்டுங்கள்.

சூரியப் புள்ளி எண்ணிக்கை ஒரு தளத்துல ஒண்ணு, இன்னொண்ணுல வேற. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். இந்த எண் புள்ளிகளை வெறுமனே எண்ணி வருவதில்லை. புள்ளிக் கூட்டங்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி, தனிப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். மூன்று கூட்டம், மொத்தம் 14 புள்ளி என்றால் 44. ஒரு புள்ளி மட்டும் இருந்தால்கூட எண் 11. எந்தக் கருவி, யார் பார்த்தது, மேகம் இருந்ததா என்பதைப் பொறுத்து எண் மாறும்.

உலகம் ஒப்புக்கொண்ட எண் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் உள்ள சில்சோ மையத்தினுடையது. பல நாட்டுப் பார்வையாளர்களின் எண்களைச் சேர்த்துத் தருகிறார்கள். தினசரி எண் 1818 முதலும், மாதச் சராசரி 1749 முதலும், ஆண்டுச் சராசரி 1700 முதலும் அங்கே இருக்கிறது. நோவா தரும் தினசரி எண் வேறு கணக்கு. ஒப்பிடுவதற்கு எப்போதும் ஒரே மையத்தின் எண்களை எடுங்கள். இன்னொன்று: 2015 ஜூலையில் சில்சோ தன் வரிசை முழுவதையும் திருத்தி இரண்டாம் பதிப்பாக வெளியிட்டது. அதற்கு முன் அச்சான புத்தகத்தில் உள்ள எண்கள் இப்போதைய எண்களைவிடக் குறைவாக இருக்கும்.

எம் 5, எக்ஸ் 2-ன்னு செய்தியில வருது. எவ்வளவு பெருசுன்னு எப்படிப் புரிஞ்சுக்கிறது?

சூரியனில் திடீரென்று நடக்கும் ஒளிவெடிப்பின் எக்ஸ் கதிர் அளவு அது. ஏ, பி, சி, எம், எக்ஸ் என ஒவ்வொரு எழுத்துக்கும் பத்து மடங்கு கூடும். எம் 5-ஐவிட எக்ஸ் 2 நான்கு மடங்கு பெரியது. நோவாவின் கோஸ் செயற்கைக்கோள்கள் அளப்பதை முகப்பில் சிவப்புக் கோடாகக் காணலாம். எம் 1 தொட்டால் ஆர் 1, எம் 5-க்கு ஆர் 2, எக்ஸ் 1-க்கு ஆர் 3.

அளவைவிட நேரம் முக்கியம். ஒளிவெடிப்பின் பாதிப்பு பகல் பக்கத்துக்கு மட்டும்தான். யுடிசி 06.30-க்கு வெடித்தால் நமக்கு நண்பகல்; 7 மெகாஹெர்ட்ஸில் பேசிக்கொண்டிருப்பவர் குரல் சில நிமிடங்களில் அமுங்கிப் போகும். அதே அளவு வெடிப்பு யுடிசி 19.00-க்கு நடந்தால் நாம் தூங்கிக்கொண்டிருப்போம், நம் ரேடியோவுக்கும் ஒன்றும் ஆகாது. டி-ராப் என்ற வரைபடம் எந்தப் பகுதியில் எந்த அலைவரிசை விழுங்கப்படுகிறது என்று நிறத்தில் காட்டும். அதில் இந்தியாவின் தென்முனையைப் பார்த்தால் போதும்.

எல்லாம் வெளிநாடுதானா? ஆதித்யா அனுப்பினோமே, அது என்ன ஆச்சு?

நன்றாக வேலை செய்கிறது. சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல் 1 விண்கலம், 2023 செப்டம்பர் 2-ல் ஏவப்பட்டு, 2024 ஜனவரி 6-ல் தன் சுற்றுப்பாதைக்குப் போனது. ஏழு கருவிகள். அதன் தரவு பெங்களூரு அருகே பியாலாலுவில் உள்ள இஸ்ரோவின் தரவு மையத்தில் சேர்ந்து, பிரதான் என்ற இணையவாயில் வழியாகக் கிடைக்கிறது. மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். ஆனால் அது ஆராய்ச்சிக்கான கோப்பு. திறக்கத் தனி மென்பொருள் வேண்டும். கல்லூரி மாணவர்கள் தைரியமாக முயலலாம். "இன்னைக்கு எப்படி இருக்கு" என்று பார்க்க நினைப்பவருக்கு அது சரிவராது.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு பொக்கிஷம் இருக்கிறது: கொடைக்கானல் சூரிய ஆய்வகம். 1899-ல் நிறுவப்பட்டது. சூரியப் புள்ளியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்தது அங்கேதான். நூறு ஆண்டுக்கு மேல் கண்ணாடித் தகடுகளிலும் பிலிமிலும் எடுத்த சூரியப் படங்களை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் கணினிமயமாக்கி வைத்திருக்கிறது. இவ்வளவு நீண்ட தொடர்ச்சியான படத்தொகுப்பு உலகத்தில் மிகச் சில இடங்களில்தான் உண்டு. தஞ்சாவூர்ப் பிள்ளை தன் தாத்தா பிறந்த நாளில் சூரியன் எப்படி இருந்தது என்று அதில் தேடிப் பார்க்கலாம். சூரியத் தரவில் பிள்ளைகளுக்கு ஆசை வர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கேபி 2-தான் காட்டுது, அமைதின்னு அர்த்தம். ஆனா ராத்திரி ஏழரைக்கு ஆர்டிகே (சென்டிமீட்டர் துல்லியத்துல இடம் அளக்கிற ஜிபிஎஸ்) கருவி ஃபிக்ஸ் ஆகவே மாட்டேங்குது. தரவு பொய்யா?

தரவு பொய் இல்லை. அது நமக்கான தரவு இல்லை. கேபி என்பது 13 காந்த ஆய்வகங்களின் அளவீடுகளிலிருந்து வருவது. அவை பெரும்பாலும் ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற நடு அட்சப் பகுதிகளில் இருக்கின்றன. ஸ்காட்லாந்தில் துருவ ஒளி தெரியுமா என்று கேட்பவருக்கு அது நல்ல எண். காவிரி டெல்டா இருப்பது காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில். அந்தக் கோடு தமிழ்நாட்டின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963-ல் ராக்கெட் ஏவத் திருவனந்தபுரம் அருகே தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான்.

இந்தக் கோட்டை ஒட்டிய வானத்துக்கு என்று தனி குணம் உண்டு. சூரியன் மறைந்ததும் அயனி மண்டலத்தின் மேலடுக்கு சட்டென்று உயரே தூக்கப்படுகிறது. கீழே அடர்த்தி குறைந்த பகுதி உருவாகி, அது கொதிக்கும் உலைநீரில் குமிழி எழுவதுபோல மேலே கிளம்புகிறது. இந்தப் பிளாஸ்மா குமிழிகள் வழியாக வரும் ஜிபிஎஸ் சமிக்ஞை மினுமினுக்கும். கருவி செயற்கைக்கோள்களைப் பிடித்துப் பிடித்து விடும். இரவு ஏழு மணிக்கு மேல் தொடங்கி நள்ளிரவு வரைக்கும் நீடிக்கலாம். பங்குனி, சித்திரையிலும், புரட்டாசி, ஐப்பசியிலும் அதிகம். சூரியப் புள்ளிகள் பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறையும் சூரியச் சுழற்சியின் உச்சத்தை ஒட்டிய ஆண்டுகளில் இன்னும் அதிகம். இப்போதைய 25-ஆம் சுழற்சி 2024-ல் உச்சம் தொட்டது.

இதற்குக் காந்தப் புயல் வேண்டியதே இல்லை. அமைதியான நாளிலும் குமிழி எழும். புயல் நாளில் சில நேரம் அடங்கியும் விடும். கேபி குறைவு என்று நம்பி மாலை வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள் என்று அளவைக்காரர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அப்போ நமக்கு எந்தப் படத்தைப் பார்க்கணும்?

அயனி மண்டலத்தின் மொத்த எலக்ட்ரான் அளவைக் காட்டும், டெக் என்று சொல்லப்படும் வரைபடம். நோவா தளத்தில் குளோடெக் என்ற பெயரில் உலக வரைபடமாக வருகிறது. பிற்பகல் ஒரு மணி முதல் நான்கு வரை நம் பகுதி நன்றாகச் சிவந்திருந்தால், ஒற்றை அலைவரிசை ஜிபிஎஸ் சில மீட்டர் கூடுதலாகப் பிசகலாம். அந்தப் பிசகை இரட்டை அலைவரிசைக் கருவி பெரும்பாலும் சரிசெய்துகொள்ளும். முன்பு சொன்ன மினுமினுப்பை இரட்டை அலைவரிசையாலும் சரிசெய்ய முடியாது. குமிழிகள் சிறியவை என்பதால் உலக வரைபடத்தில் அவை தனியாகத் தெரியவும் தெரியாது.

உங்கள் கருவியே நல்ல அளவுமானி. ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் சமிக்ஞை வலிமை காட்டும் திரை அதில் இருக்கும். ஏழு மணிக்கு மேல் ஒரே திசையில் உள்ள இரண்டு மூன்று செயற்கைக்கோள்களின் எண் துள்ளித் துள்ளி இறங்கினால் குமிழி. எல்லாமே ஒன்றாகக் குறைந்திருந்தால் தென்னந்தோப்பு மறைக்கிறது அல்லது ஆன்டெனா பிரச்சினை. துல்லியம் வேண்டிய அளவையைக் காலை ஏழு முதல் பதினொன்றுக்குள் முடிப்பது நல்லது. டிரோனில் மருந்து தெளிப்பவர்கள் எப்படியும் வெயில் ஏறும் முன்னாடியே முடித்துவிடுவதால் அவர்களுக்கு இந்தத் தொந்தரவு குறைவு.

அண்ணே, நாங்க அக்கரைப்பேட்டையிலேர்ந்து ராத்திரியில கடலுக்குப் போறோம். இதெல்லாம் நாங்களும் பாக்கணுமா?

தினமும் வேண்டாம். உங்களுக்குக் காற்றும் அலையும்தான் முக்கியம். அதற்கு வானிலை மையமும் ஹைதராபாத்தின் இன்காய்ஸும் இருக்கின்றன. இரவில் ஜிபிஎஸ் கொஞ்ச நேரம் இடம் காட்டாமல் நின்றால் பதற வேண்டாம், மேலே சொன்ன குமிழியாக இருக்கலாம், திரும்ப வரும். திசைகாட்டியைக் கையோடு வைத்திருங்கள், எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்போது கூடுதல் இடைவெளி விடுங்கள். படகுக்குப் படகு பேசும் விஹெச்எஃப் செட் நேர்கோட்டில் போவதால் அதற்குச் சூரியனால் பாதிப்பு வராது.

வேதாரண்யம் பக்கம் நெட்டு இழுக்கவே இழுக்காது. படம் திறக்கிறதுக்குள்ள விடிஞ்சிடும். வேற வழி?

வெறும் எழுத்துக் கோப்புகளைத் திறங்கள். நோவா தளத்தில் டபிள்யூ டபிள்யூ வி செய்தி என்று ஒன்று உண்டு. சில வரிகள்தான். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். சூரியப் பாய்வு (அடுத்த கேள்வியில் சொல்கிறேன்), பூமியின் காந்தக் கொந்தளிப்பைச் சொல்லும் ஏ குறியீடு, கே குறியீடு, கடந்த 24 மணி நேரத்தில் நடந்தது, அடுத்த 24 மணி நேரத்துக்கு எதிர்பார்ப்பது என எல்லாம் அதில் அடங்கிவிடும். இன்னொன்று மூன்று நாள் முன்னறிவிப்பு, அதுவும் எழுத்துதான்.

2018 நவம்பர் 16-ல் கஜா கரையேறிய பிறகு நாகை, வேதாரண்யம் பக்கம் எத்தனை ஊர்களில் கரண்டும் போனும் இல்லாமல் கிடந்தோம் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட நேரத்தில் சிற்றலை ரேடியோ வைத்திருப்பவர் அன்றைய நிலவரம் தெரிந்து அலைவரிசையைத் தேர்ந்தெடுத்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகும். புயல் எச்சரிக்கை வந்தவுடனே அந்தச் செய்தியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சூரியப் பாய்வு 180 இருக்கு. ஆனா 10 மீட்டர் (28 மெகாஹெர்ட்ஸ்) அலைவரிசையில ஒரு சத்தமும் இல்ல சார். ஏன்?

சூரியப் பாய்வு என்பது 10.7 சென்டிமீட்டர் அலைநீளத்தில் சூரியனின் ரேடியோ ஒளிர்வு. 1947 முதல் கனடாவில் அளக்கிறார்கள். இப்போது பெண்டிக்டன் என்ற ஊரில். அதிகாரபூர்வ எண் அவர்களின் நண்பகலில் எடுப்பது, நமக்கு அது இரவு 1.30. ஒரு நாளுக்கான பொது எண்ணை வைத்து இந்த நிமிடத்து நிலவரத்தைச் சொல்ல முடியாது. பாய்வு பல நாளாக உயர்ந்தே இருந்தால்தான் அயனி மண்டலம் நன்றாகத் தேறும்.

அந்த நேரத்து நிலவரத்துக்கு பிஎஸ்கே ரிப்போர்ட்டர், விஸ்பர் வலை, ரிவர்ஸ் பீக்கன் ஆகிய தளங்கள். உலகம் முழுக்க ஹாம்கள் இப்போது யாரைக் கேட்கிறார்கள் என்று வரைபடத்தில் காட்டும். 28.200 மெகாஹெர்ட்ஸில் உலகின் 18 பீக்கன்கள் (தானாகவே அடையாளக் குறியை ஒலிபரப்பும் நிலையங்கள்) மூன்று நிமிடச் சுற்றில், ஆளுக்குப் பத்து விநாடியாக ஒலிக்கும்படி ஏற்பாடு. பட்டியலில் இலங்கையின் 4எஸ்7பி-யும் உண்டு. அது நமக்கு மிக அருகில். அலை நம் தலைக்கு மேலே தாவிப் போய்விடும். அது கேட்கவில்லை என்று செட்டை அணைத்துவிடாதீர்கள், தூரத்து பீக்கன்களுக்குக் காத்திருங்கள்.

"இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர் பூமியைக் கடக்கிறது, போனை அணைத்துவிடுங்கள், நாசா சொன்னது" அப்படின்னு வாட்ஸ்அப்ல வந்திருக்கு. நிஜமா?

பொய். இதே செய்தி பல வருடமாகத் தேதி மட்டும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. காஸ்மிக் கதிர் எல்லா நேரமும் வந்துகொண்டேதான் இருக்கிறது, வளிமண்டலம் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. இரவு என்பது சூரியனுக்கு முதுகு காட்டும் நேரம் என்பதையும் யோசியுங்கள். சந்தேகம் வந்தால் இரண்டாம் கேள்வியில் சொன்ன தளத்தில் எஸ் எழுத்தைப் பாருங்கள். அது பச்சையாக இருந்தால் அனுப்பியவருக்கு அந்தப் படத்தையே திருப்பி அனுப்புங்கள்.

வயல்ல சோலார் பம்பு போட்டிருக்கேன். சூரியப் புள்ளி கூடினா கரண்டு கூடுமா, குறையுமா?

இரண்டும் இல்லை. பதினோரு ஆண்டுச் சுழற்சியில் சூரியனின் மொத்த ஒளி மாறுவது சுமார் 0.1 சதவீதம்தான். பூமி சூரியனுக்கு ஜனவரியில் அருகிலும் ஜூலையில் தள்ளியும் இருப்பதால் வரும் வித்தியாசமே சுமார் 7 சதவீதம். ஐப்பசி மேகம் அதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். உங்களுக்கு வேண்டியது தரையில் விழும் வெயிலின் அளவு. நாசா பவர் என்ற தளத்தில் தஞ்சாவூரின் இருப்பிடமாக 10.79 வடக்கு, 79.14 கிழக்கு என்று கொடுத்தால் பல ஆண்டு தினசரிக் கணக்கு இலவசமாக வரும்.

நாளைக்குக் காந்தப் புயல் வரும்னு முன்னாடியே சொல்றாங்களே, அதை எவ்வளவு நம்பலாம்?

வரும் என்பதைப் பெரும்பாலும் நம்பலாம். எப்போது, எவ்வளவு வலுவாக என்பதைக் கொஞ்சம் தள்ளிவைத்தே படியுங்கள். சூரியனிலிருந்து கிளம்பும் பிளாஸ்மா மேகம் வந்து சேர ஒன்றிலிருந்து நான்கு நாள் ஆகும். நாசாவின் டாங்கி தளத்தில் ஒவ்வொரு மேகத்துக்கும் பல மாதிரிகளின் கணிப்பு இருக்கும். வருகை நேரம் பல மணி நேரம் முன்பின் ஆவது சாதாரணம். மேகத்தின் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால்தான் புயல் வலுக்கும். அதை மேகம் அருகில் வந்த பிறகுதான் அளக்க முடியும்.

அளப்பது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி எல் 1 புள்ளியில் உள்ள விண்கலங்கள். நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் சூரியக் காற்று வந்தால் அங்கிருந்து இங்கே வர ஒரு மணி நேரம். 800 என்றால் அரை மணி. நோவாவின் சூரியக் காற்று வரைபடத்தில் பிஇசட் என்ற கோடு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி (காந்தப்புலம் தெற்கு நோக்கி இருக்கிறது என்று பொருள்) மணிக்கணக்கில் அங்கேயே இருந்தால் கவனியுங்கள்.

சூரியப் புள்ளியையும் குறுவை விளைச்சலையும் ஒப்பிட்டு ப்ராஜெக்ட் பண்ணலாம்னு மிஸ் சொன்னாங்க. தரவு எடுக்கும்போது என்ன பார்க்கணும்?

முதலில் தலைப்பை மாற்றும்படி மிஸ்ஸிடம் பேசிப் பாருங்கள். விளைச்சலை முடிவு செய்வது ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்களா, என்ன ரகம், என்ன உரம் என்பவை. இருபது வருட எண்களை வைத்துச் சூரியச் சுழற்சி இரண்டுகூட முழுதாக வராது. ஏதாவது ஒற்றுமை தற்செயலாகத் தெரியும், அதை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அதற்குப் பதில் சூரியப் புள்ளியையும் சூரியப் பாய்வையும் ஒப்பிடுங்கள், அல்லது கேபி-யையும், காந்தப் புயலின் வலுவைச் சொல்லும் டிஎஸ்டி குறியீட்டையும் ஒப்பிடுங்கள். டிஎஸ்டி ஜப்பானின் கியோட்டோ மையத்தில் மணிக்கு ஒன்றாகக் கிடைக்கும்; நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் விலகிய நான்கு ஆய்வகங்களிலிருந்து வருவதால் அது கேபி-யைவிட நம் பக்கத்துக்கு நெருக்கமானது.

கேபி-யைச் சராசரி எடுக்காதீர்கள். அதன் படிகள் சமமானவை இல்லை. 8-க்கும் 9-க்கும் உள்ள இடைவெளி 1-க்கும் 2-க்கும் உள்ளதைவிடப் பல மடங்கு. சராசரிக்கு, கேபி-யைச் சமமான படிகளுக்கு மாற்றித் தரும் ஏபி குறியீட்டை எடுங்கள். இரண்டும் 1932 முதல் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் உள்ள ஜிஎஃப்இசட் தளத்தில் இருக்கின்றன. டிஎஸ்டியில் உடனடி, தற்காலிகம், இறுதி என்று மூன்று நிலை, கலந்துவிடாதீர்கள். சூரியப் பாய்வில் அளந்தது, தூரத்துக்குத் திருத்தியது என்று இரண்டு பத்தி இருக்கும். சூரியனை ஆராய்ந்தால் திருத்தியதை எடுங்கள், அயனி மண்டலத்தை ஆராய்ந்தால் அளந்ததை எடுங்கள்.

ஒளிவெடிப்பு என்றால் இன்னொரு கவனம். கோஸ் 15 வரையிலான பழைய எண்களில் 0.7 என்ற பெருக்கெண் சேர்ந்திருந்தது. கோஸ் 16 முதல் அது இல்லை. 2003-ன் வெடிப்பையும் 2024-ன் வெடிப்பையும் பக்கத்தில் வைக்க வேண்டுமானால் பழைய எண்ணை 0.7-ஆல் வகுத்துவிட்டு வையுங்கள். எந்தத் தளம், எந்தப் பதிப்பு, எந்தத் தேதியில் இறக்கியது என்பதை அட்டவணைக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.